சுரண்டப்பட்ட தமிழ்ப் பக்கம்

"இதை எங்கப்பாகிட்ட வித்தவன் யாருன்னு எனக்குத் தெரியணும் மேடம்."

பொன்னி அந்தப் பிளாஸ்டிக் புட்டியை மேஜைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அறைந்தாள் என்பதே சரி. வேணுவின் டீ கிளாஸ் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

தேரடித் தெருவில், பாத்திரக்கடை மாடியில் இருந்தது தர்மவதியின் துப்பறியும் அலுவலகம். தர்மவதிக்கு ஐம்பது வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய் கிளெய்ம்களைத் தோண்டி எடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு, இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறாள். வேணு அவளுடைய உதவியாளன். முன்பு மருந்துக் கம்பெனி ரெப்பாக ஊர் ஊராகப் பை தூக்கியவன். பையை இறக்கி வைத்துவிட்டான். வாயை இன்னும் இறக்கி வைக்கவில்லை.

"மொதல்ல உக்காருங்க" என்றாள் தர்மவதி. "அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

பொன்னி உட்கார்ந்தாள். முப்பதை எட்டாத முகம். அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்த கண்கள்.

"அப்பா பேரு சக்கரவர்த்தி. பஸ் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவரு. சுகர் உண்டு, ஆனா கட்டுக்குள்ளதான் இருந்துச்சி. டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்திட்டு இந்த கேப்ஸ்யூலைப் போட்டிருக்காரு. வீட்ல எங்க யாருக்கும் தெரியாது. கால்ல ஒரு புண்ணு. அதையும் காட்டல. காட்டறப்ப கறுத்துப் போயிருந்துச்சி." அவள் புட்டியை முறைத்தாள். "கட்டை விரலையும் பக்கத்து விரலையும் எடுத்துட்டாங்க மேடம்."

வேணு டீயைக் குடிக்காமல் தள்ளி வைத்தான்.

"டாக்டர் வார்டுல வெச்சி எல்லார் எதிர்லயும் கேட்டாரு. 'படிச்ச பொண்ணு வீட்ல இருந்தும் இப்படியா விடுவீங்க'ன்னு. பக்கத்துக் கட்டில்காரங்கல்லாம் என்னையே பாத்தாங்க. நான் டியூஷன் சென்டர்ல தமிழ் நடத்தறேன். அதுல ஒருத்தர் என் ஸ்டூடன்ட்டோட அப்பா. முகத்தை எங்க வெச்சிக்கறதுன்னே தெரியல."

"அப்பா என்ன சொல்றாரு?"

"அதான் விஷயமே. வாயே தொறக்க மாட்டேங்கறாரு. எங்க வாங்கினீங்க, எவன் மாத்திரையை நிறுத்தச் சொன்னான்னு கேட்டா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாரு. அலமாரியில துணிக்கு அடியில இது கெடந்துச்சி."

தர்மவதி புட்டியைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். முன்பக்கம் ஆங்கிலத்தில் 'குளுக்கோகிரி' என்ற பெயர், பச்சை நிறத்தில் ஒரு மலை. அதையொட்டிப் பொடி எழுத்தில் மூலிகைகளின் பட்டியல், கீழே உணவு உரிம எண். எல்லாம் ஆங்கிலம். மறுபாதியில் காகிதமே இல்லை. நகத்தால் சுரண்டிய கீறல்களும் பிசினும்தான். ஓரத்தில் தமிழ் எழுத்து ஒன்று மட்டும், ஒரு 'ம்', தப்பித்திருந்தது.

"நெட்ல தேடினீங்களா?"

"மலைப் படமும் ஒரு போன் நம்பரும்தான் வருது. பண்ணா பாட்டு போட்டுட்டு கட் பண்ணிடறான்."

"பாட்டாவது நல்லாருந்துச்சா?" என்றான் வேணு.

தர்மவதி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

"பஸ் போர்டு அளவுக்கு. தமிழ்னா பேப்பர்ல ஒரு வரி விடமாட்டாரு."

பொன்னி கிளம்பும்போது கதவருகே ஒட்டியிருந்த அறிவிப்பில் அவள் கண் நின்றது. வேணு கைப்பட எழுதியது அது. "இரகசியம் 'காக்கபடும்' இல்லிங்க. நடுவுல 'ப்' வரணும். காக்கப்படும்."

"ஒரு 'ப்' போனா ரகசியம் வெளிய வந்துடுமா?"

"ஒரு எழுத்து போனா அர்த்தமே போயிடும் சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

தர்மவதி புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "வேணு, வித்தவனைக் காப்பாத்தணும்னு நெனைக்கறவன் புட்டியில எதைச் சுரண்டுவான்?"

"பேரை. நம்பரை."

"இவரு பேரை விட்டுட்டாரு, நம்பரை விட்டுட்டாரு. மலையைக்கூட விட்டுட்டாரு. தனக்குப் படிக்கத் தெரிஞ்ச பக்கத்தை மட்டும் சுரண்டியிருக்காரு. அந்தப் பக்கத்துல இருந்த எதையோ பொண்ணு பாக்கக்கூடாதுன்னு நெனைச்சிருக்காரு."

"அப்ப நமக்குச் சுரண்டாத புட்டி ஒண்ணு வேணும்."

"எங்க கிடைக்கும்?"

"பேர்லயே கிரின்னு வெச்சிருக்கான் மேடம். மலையை வித்துப் பொழைக்கறவன், மலையைப் பாக்கறதுக்குன்னே பிளைட் ஏறி வர்றவங்க பக்கத்துலதான் கடை போடுவான். செங்கம் ரோடு. வாங்க, பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும். இல்லன்னா நீங்க இன்னைக்கும் பட்டினி."

தர்மவதி சமணக் குடும்பம். இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. வேணுவின் அக்கறையில் பாதி தன் வயிற்றைப் பற்றியதுதான். அவள் சாப்பிட உட்கார்ந்தால் அவனுக்கும் ஒரு தட்டு உண்டு.

ரமணாசிரமத்தைத் தாண்டி, பருத்தித் துணிக்கடைகளுக்கும் காபிக் கடைகளுக்கும் நடுவே, வேணு சொன்னபடியே இருந்தது அந்தக் கடை. மரத் தட்டுகளில் தேன், எண்ணெய், பொடி வகைகள். கண்ணாடி அலமாரியில் வரிசையாக குளுக்கோகிரி. கல்லாவில் இருந்தவன் இளவரசன். வெள்ளைக் கதர் சட்டை, பணிவான சிரிப்பு. கடை மட்டுமல்ல, கேப்ஸ்யூல் கம்பெனியும் அவனுடையதே என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்தது. மறைக்க வேண்டிய விஷயமாக அவன் அதை நினைக்கவில்லை.

"தாராளமா பாருங்க மேடம். எங்க லேபிள்ல ஒரு பொய் காட்டிட்டீங்கன்னா கடையை மூடிடறேன்."

வேணு ஒரு புட்டியை எடுத்துத் திருப்பினான். இதில் பின்பக்கமும் ஆங்கிலம். ரெப் காலத்துப் பழக்கத்தில் வரி வரியாகப் படித்தான்.

"'நார்மலா இருக்கற சர்க்கரை நார்மலாவே இருக்க சப்போர்ட் பண்ணும்.' அதாவது மேடம், நனையாத துணியை ஈரமாகாம பாத்துக்கும்."

இளவரசன் சிரிப்பை விடவில்லை.

"'கிளினிக்கலி ஸ்டடீட்.' ஆராய்ச்சி பண்ணாங்களாம். பாஸா பெயிலான்னு போடல. 'நூறு சதவீதம் நேச்சுரல்.' ஊமத்தங்காயும் நேச்சுரல்தான். அப்புறம் உரிம எண். அது கம்பெனிக்கு லைசன்ஸ் இருக்குன்னு சொல்லுது. கேப்ஸ்யூல் வேலை செய்யும்னு சொல்லல. என்கிட்டகூட டிரைவிங் லைசன்ஸ் இருக்கு. மேடம் என் பைக்ல ஏறவே மாட்டேங்கறாங்க."

"கடைசி வரி?" என்றாள் தர்மவதி.

வேணு புட்டியைக் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோனான். "எறும்புக்காக அச்சடிச்சிருக்காங்க. 'இது மருந்து அல்ல. எந்த நோயையும் குணப்படுத்தாது. டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.'"

"பாத்தீங்களா?" என்றான் இளவரசன். "எச்சரிக்கையே போட்டிருக்கோம். வேற என்ன வேணும்?"

"தமிழ் லேபிள் வேணும்."

அந்தச் சிரிப்பு முதன்முறையாகச் சற்று மங்கியது. "அது இங்க இல்ல மேடம். கிரிவலப் பாதைக் கடைங்களுக்கு மட்டும் தனியா அனுப்பறோம். இங்க வர்றவங்களுக்கு இங்கிலீஷ் போதும்."

"ரெண்டுலயும் ஒண்ணுதான் போட்டிருக்கா?"

"மொழிபெயர்ப்புதானே! சென்னையில ஒரு ஏஜென்சி பண்ணிக் குடுத்தாங்க. யாரு எழுதினாங்கன்னு எனக்கே தெரியாது" என்றவன், அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

தமிழ் லேபிள் ஒட்டிய புட்டி கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், மூன்றாவது கடையில் கிடைத்தது. கற்பூரம், இளநீர், சோடா, தொப்பி விற்கும் பெட்டிக்கடை. சோடா பாட்டில்களுக்கு மேல் தட்டில் குளுக்கோகிரி. கடைக்காரி ராணியம்மாள் ஐம்பத்தைந்து வயதிருப்பாள். கனத்த உடம்பு, கலகலப்பான பேச்சு.

தர்மவதி புட்டியை வாங்கித் திருப்பினாள். இதோ, முழுசாக, கொட்டை எழுத்தில், தமிழ்.

*ஏறிய சர்க்கரை இறங்கும். இறங்கியது ஏறாது. மாத்திரைச் சுமை மெல்ல மெல்லக் குறையும். இனி உங்கள் உடம்பு உங்கள் பேச்சைக் கேட்கும்.*

அவ்வளவுதான். கடைசியில் எறும்புக்குக்கூட ஒரு வரி இல்லை.

வேணு படித்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "இது சப்போர்ட் பண்ற இங்கிலீஷ் இல்ல மேடம். இது கையைப் புடிச்சி இழுக்கற தமிழ். படிச்சா எனக்கே வாங்கணும்னு இருக்கு. எனக்கு சுகரே இல்ல."

"நல்ல சரக்குங்க" என்றாள் ராணியம்மாள். "நானே போட்டுகினு இருக்கேன். டிரைவர் அண்ணன் சொல்லித்தான் தைரியமா ஆரம்பிச்சேன்."

"எந்த டிரைவர்?"

"சக்கரவர்த்தி அண்ணன். பஸ் ஓட்டிகினு இருந்தாரே. கிரிவலம் வரும்போதெல்லாம் இங்கதான் சோடா குடிப்பாரு. ஒருநாளு இந்த புட்டியைப் பாத்தாரு. எட்த்துப் படிச்சாரு. படிச்சிட்டு ஒரே சிரிப்பு. இன்னாண்ணே சிரிக்கறன்னு கேட்டேன். 'ராணிம்மா, இது எங்க வீட்டு எழுத்து. பயப்படாம போடு'ன்னு சொல்லி, அவருக்கும் ஒண்ணு வாங்கிகினு போனாரு. அன்னைக்கு அவரு மூஞ்சைப் பாக்கணுமே, பொண்ணு கலெக்டர் ஆயிட்ட மாதிரி!"

தர்மவதியின் கண் கீழே போயிருந்தது. ராணியம்மாளின் வலது குதிகாலில் ஒரு துணிக்கட்டு. ஓரங்களில் ஈரம்.

"கால்ல என்னம்மா?"

"செருப்பு கடிச்சிதுங்க. ஆற மாட்டேங்குது."

"மாத்திரை?"

"அதை நிறுத்திட்டேன். ரெண்டையும் சேத்துப் போட்டா ஜாஸ்தியாயிடும்னு."

"சக்கரவர்த்தி ஐயாவுக்கு ரெண்டு விரலை எடுத்துட்டாங்கம்மா. ஆஸ்பத்திரியில இருக்காரு. அவரும் மாத்திரையை நிறுத்தினவருதான். இன்னைக்கே போய்க் காலைக் காட்டுங்க."

ராணியம்மாளின் சிரிப்பு போயிற்று. காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள், யாரோ தப்பான இடத்தைப் பார்த்துவிட்டதுபோல. "பௌர்ணமி வருதுங்க. கடையை வுட்டுட்டு எங்க போறது? முடியட்டும், பாக்கலாம்" என்று எங்கோ பார்த்துச் சொன்னாள். தர்மவதி எவ்வளவு சொல்லியும் அவள் சோடா பாட்டில்களைத் துடைப்பதிலேயே இருந்தாள்.

ஆட்டோவில் வேணு உற்சாகமாக இருந்தான். "கேஸ் குளோஸ். பெரியவரே ஏஜென்ட். 'எங்க வீட்டு'ன்னு சொந்தம் கொண்டாடி வித்திருக்காரு. அந்த வெக்கத்துலதான் வாயைத் தொறக்கல. பாவம், பொண்ணுக்கு எப்படிச் சொல்றது?"

"ஏஜென்ட்டா இருந்தா 'எங்க சரக்கு'ம்பாரு. இவரு 'எழுத்து'ன்னாரு."

"அதனால?"

"அந்த வீட்ல எழுதறது யாரு வேணு?"

வேணு பதில் சொல்ல வாய் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. ஒரு 'ப்' விட்டுப்போனதைக் கதவோரம் நின்று திருத்திய பெண்ணை அவனும் பார்த்தவன்தானே.

ஆட்டோ செங்கம் சாலைக்குத் திரும்பியது. பிறகு அவன்தான், "அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா மேடம்?" என்று கேட்டான்.

"தெரிஞ்சிருந்தா நம்மகிட்ட வருவாளா? ஏஜென்சிக்காரங்க கேப்ஸ்யூல் பேரை அழிச்சிட்டு இங்கிலீஷ் வாசகத்தை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லி அனுப்பியிருப்பாங்க. எந்தப் புட்டியில ஒட்டினாங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

ஆஸ்பத்திரி வார்டில் சக்கரவர்த்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டுப் போட்ட கால் தலையணைமேல் இருந்தது. பொன்னி மருந்து வாங்கப் போயிருந்தாள்.

தர்மவதி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அடி அண்ணாமலைக்குப் போயிட்டு வர்றோங்க. ராணியம்மாவைப் பாத்தோம்."

அவர் உடம்பு விறைத்தது. திரும்பவில்லை.

"எங்க வீட்டு எழுத்துன்னு சொன்னீங்களாம்."

அதைக் கேட்டு அவர் திரும்பினார். பெரிய மீசை, பெரிய கைகள். பஸ்ஸை வளைத்த அந்தக் கைகள் இரண்டும் சேர்ந்து கும்பிட்டன.

"கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொழந்தை தாங்காது."

தர்மவதிக்கு அந்தக் கும்பிட்ட கையைப் பார்க்க முடியவில்லை. வேலையில் எத்தனையோ பேர் அவளிடம் கெஞ்சியிருக்கிறார்கள், எல்லாம் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள. இவர் காலைக் கொடுத்துவிட்டு மகளைக் காப்பாற்றக் கெஞ்சுகிறார். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

"ராணியம்மாவும் மாத்திரையை நிறுத்திட்டாங்க ஐயா. உங்க பேச்சைக் கேட்டுதான். குதிகால்ல புண்ணு. ஈரமா இருக்கு."

சக்கரவர்த்தியின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"இன்னும் எத்தனை கடையில இருக்குன்னு தெரியல. நான் சும்மா போக முடியாதுங்க."

அதற்குள் பொன்னி வந்துவிட்டாள். இவர்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மேடம்?"

"புட்டி கிடைச்சிடுச்சி. சுரண்டாதது." தர்மவதி பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "நீங்களே படிங்க பொன்னி."

பொன்னி ஆவலாக வாங்கித் திருப்பினாள். வார்டில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்பதுபோல உரக்கவே படித்தாள்.

"ஏறிய சர்க்கரை இறங்கும். இறங்கியது ஏறாது. அடப்பாவி, எவ்ளோ தைரியமா எழுதியிருக்கான் பாருங்க! மாத்திரைச் சுமை மெல்ல மெல்லக்..."

குரல் தேய்ந்தது. அடுத்த சொல்லுக்கு அவள் கண் புட்டியில் இல்லை. எதிர்ச் சுவரில் இருந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன.

"...குறையும். இனி உங்கள் உடம்பு உங்கள் பேச்சைக் கேட்கும்."

அவள் அதைப் பார்க்காமலேயே சொல்லி முடித்தாள்.

பக்கத்துக் கட்டில்காரர், டியூஷன் மாணவனின் அப்பா, படித்துக்கொண்டிருந்த பேப்பரைத் தாழ்த்திவிட்டு, பின் ஏதோ புரிந்ததுபோல மறுபடி உயர்த்திக்கொண்டார்.

பொன்னி நின்றபடியே நின்றாள். முகத்தில் ரத்தம் ஏறி, காது வரைக்கும் சிவந்தது. "நான் மொதல்ல 'துணைபுரியும்'னுதான் எழுதினேன்" என்றாள் யாரிடமோ. "கடைசி வரியையும் எழுதினேன். மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு. எப்பவோ மொழிபெயர்ப்பு வேலை குடுத்த ஏஜென்சி அது, திருப்பி அனுப்பிட்டாங்க. இவ்ளோ எழுத்துக்கு எடம் இல்ல, பளிச்னு வேணும், படிச்ச உடனே கை புட்டிக்குப் போகணும்னாங்க. தப்புன்னு எனக்குத் தெரிஞ்சிது. ஏதோ சத்து மாத்திரைதானே, யாரு படிக்கப்போறாங்கன்னு... நான் எழுதினது அவங்களுக்குப் புடிச்சிப்போச்சி. இவ்ளோ நல்ல தமிழ் பாத்ததே இல்லன்னாங்க. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சி மேடம்."

"நிறுத்தும்மா" என்றார் சக்கரவர்த்தி.

"அப்பா, நான் எழுதினதை நம்பியா நீங்க மாத்திரையை..."

"நீ எழுதினதை நம்பல."

அவர் எழுந்து உட்கார முயன்றார். வேணு முதுகில் கை கொடுத்தான்.

"நீ ஹால்ல உக்காந்து எழுதிகினு இருந்த. 'சாதாரண ஜனங்களுக்குப் புரியணும்ப்பா, எப்படிச் சொல்றது'ன்னு என்னைக் கேட்ட. பஸ்ல ஏறினவன் எறங்கித்தானே ஆகணும், ஏறினது எறங்கும்னு போடும்மான்னு நான்தான் சொன்னேன். நீ மறந்திருப்ப. நான் மறக்கல. ஆயுசுக்கும் பஸ் ஓட்டினவன் சொன்ன வார்த்தை அச்சுல வந்திருக்கு. புட்டியில பாத்ததும் எனக்குத் தலைகால் புரியல. ராணியம்மாகிட்ட சொன்னேன், டிப்போ ஆளுங்ககிட்டலாம் சொன்னேன். ஊருக்கே போடச் சொல்லிட்டு நான் போடாம இருந்தா எப்படின்னு போட்டேன். அச்சுல இருக்கே, பொய்யாவா இருக்கும்னு தோணிச்சி. நான் சொன்ன வார்த்தைதான்ங்கறதே மறந்துபோச்சி." அவர் மீசையை அழுந்தத் தடவிக்கொண்டார். "புண்ணு வந்தப்புறம் அதைப் படிக்கவே வெக்கமா இருந்துச்சி. அதான் சுரண்டினேன். உன் பேரைக் காப்பாத்தத்தான்னு இவங்க நெனைக்கறாங்க. பாதி அது. பாதி எனக்காகத்தான்."

தர்மவதி திகைத்துப் போனாள். வரும் வழியெல்லாம், மகளுக்காக வாய் மூடிய தகப்பன் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். கணக்கில் பாதி தப்பு.

பொன்னி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அப்பாவின் கட்டுப் போட்ட காலைத் தொடக் கை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"எனக்கு வந்தது போகட்டும்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "ராணியம்மாவுக்கும் கால்ல புண்ணாம். டிப்போ ஆளுங்களுக்கு நான் இப்பவே போன் போட்டுச் சொல்லிடறேன். அந்தம்மாகிட்ட போன் இல்ல. யாராவது போவணும்."

"உணவுப் பாதுகாப்பு அதிகாரிகிட்ட நாளைக்குக் காலையில புகார் குடுக்கறேன்" என்றாள் தர்மவதி. "ரெண்டு புட்டியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா போதும். இளவரசன் சிரிக்க முடியாது."

"தமிழை எழுதினது யாருன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க மேடம். நானே வந்தும் சொல்றேன்." பொன்னி எழுந்து முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "இப்ப அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிகினு போங்க."

வெயில் தாழ்ந்திருந்தது. ராணியம்மாள் சோடாப் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தர்மவதியை மறுபடி பார்த்ததும் காலை உள்ளே இழுத்தாள்.

பொன்னி நேராகப் போய்க் கடை முன்னால் நின்றாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் அங்கே வரவில்லை.

"நான் சக்கரவர்த்தி பொண்ணு" என்றாள்.

"தமிழ் டீச்சரா? வாம்மா, வாம்மா! அண்ணன் உன்னைப் பத்தி எவ்ளோ சொல்லுவாரு! இப்ப அவருக்கு எப்படி இருக்கு?"

அந்த வரவேற்பு பொன்னியை அடித்ததுபோல் இருந்தது. தட்டிலிருந்த புட்டிகளைக் காட்டினாள். "இதுல இருக்கறதை எழுதினது நான்தாம்மா. நெசம் இல்ல. இதைப் போட்டா சர்க்கரை எறங்காது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தாதீங்கன்னு இங்கிலீஷ்ல இருந்துச்சி. நான் அதை எடுத்துட்டேன்."

ராணியம்மாள் அவளையே பார்த்தாள். பாதையில் போன இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"தெரிஞ்சேவா எடுத்த?"

"தெரிஞ்சேதான்."

"அன்னைக்கு எழுதினது பொய்யி. இன்னைக்கு நீ வாயால சொல்றது மட்டும் நெசம்னு நான் எப்படிம்மா நம்பறது?"

கோபமாகக்கூட அவள் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பொன்னி எந்த வார்த்தையை எடுத்தாலும் அதுவும் அவளுடைய வார்த்தைதானே. சுற்றி நின்றவர்கள் எதிரில் தலை குனிந்து நின்றாள்.

"நம்ப வேணாம்மா" என்றாள் கடைசியில். "வந்து எங்கப்பா காலைப் பாருங்க."

ராணியம்மாள் எம்பி, தட்டிலிருந்த புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கோணிப்பையில் போட்டாள். பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டு, "சித்த பாத்துக்கடா, வந்துடறேன்" என்றாள். புண்ணுள்ள காலைத் தூக்கி வைக்க முடியாமல் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துத் தடுமாறினாள். பொன்னி ஓடி வந்து தாங்கி ஏற்றினாள். ஏற்றிவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

தர்மவதியும் வேணுவும் பின்னால் ஏறினார்கள். பொன்னி முன்னால் போய், டிரைவர் பக்கத்தில் இடுக்கி உட்கார்ந்தாள்.

"பின்னாடி வாம்மா" என்று ராணியம்மாள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "நெருக்கி உக்காந்துக்கலாம். எடம் இருக்குது."

பொன்னி திரும்பிப் பார்க்கவில்லை. "இல்லம்மா" என்றாள், கம்பியை இறுகப் பிடித்தபடி. "நான் இங்கயே இருக்கேன்."